மகள் கத்தோலிக்கக் கல்லூரியில் அறவியல் படிக்க விரும்புகிறாள்: அனுப்பலாமா?

பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், சில விவரங்களை மாற்றிக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 52, செம்பனைக் குலை வெட்டும் வேலை. கடிதம் எழுதிய தாய் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். 19 வயது மகள் பல்கலைக்கழகம் புகுவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் 3.17 புள்ளி பெற்றிருக்கிறாள். மகன் 15 வயதில் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். ஈப்போவில் நடந்த கல்விக் கண்காட்சிக்குத் தோழியோடு போன மகள், தமிழ்நாட்டின் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பித்து இடமும் பெற்றுவிட்டாள். இலக்கியத்தோடு மெய்யியலும் அறவியலும் படிப்பது அவள் விருப்பம். அறவியல் வகுப்பு எல்லாருக்கும் கட்டாயம் என்று கல்லூரிக் கையேட்டில் கண்டதும் தாய்க்கு உறக்கம் போயிற்று. 'ஒழுக்கம் கற்பிக்கிறோம் என்று சொல்லி மதம் மாற்றிவிடுவார்கள்' என்று கோயில் கமிட்டியிலும் உறவிலும் பேசுகிறார்கள். பிள்ளையின் மதம் பெற்றோர் கையில்தான் இருக்கிறது என்று சட்டமே சொல்வதாகக் கேள்விப்பட்ட அவர், அதைக் கொண்டு கல்லூரியிடம் எழுதி வாங்க முடியுமா என்று கேட்கிறார். செலவு மூன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 45,000 வெள்ளி ஆகுமாம், கணவருடைய இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) சேமிப்பு 71,000 வெள்ளியிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறார்கள். முடிவு தெரியும்வரை மகளின் கடப்பிதழைத் தம்முடைய இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் மதமாற்றத்தைப் பற்றியது. பணத்தைப் பற்றி ஆறு வரிகள் இருக்கின்றன. பட்டத்தின் அங்கீகாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியையாக முப்பது ஆண்டுகள் இருந்து, தோட்டப்புறப் பிள்ளைகளின் மேற்படிப்பு நல்லபடியாக முடிந்ததையும் பாதியில் நின்றுபோனதையும் அருகிலிருந்து பார்த்தவள் நான். நீங்கள் அதிகம் அஞ்சும் இடத்தில் ஆபத்து குறைவு என்பதும், ஆறு வரிகளில் கடந்துபோன இடத்தில்தான் உங்கள் குடும்பம் கால் இடறக்கூடும் என்பதும் என் கருத்து. ஆனாலும் உங்கள் உறக்கத்தைக் கெடுத்த அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லாமல் பணக் கணக்குக்குப் போவது முறையாகாது.

அறவியல் வகுப்பில் என்ன நடக்கும்

கையேட்டில் 'ஹியூமானிட்டீஸ்' என்று போட்டிருப்பது இலக்கியம், வரலாறு, மெய்யியல் போன்ற கலைப் படிப்புகளைக் குறிக்கும். அறவியல் அவற்றுள் ஒன்று. கத்தோலிக்கர் 'மறைக்கல்வி' என்று அழைப்பது வேறு. திருச்சபை தன் நம்பிக்கைகளைத் தன் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அது. தமிழ்நாட்டின் பல கத்தோலிக்கக் கல்லூரிகளில் இவ்விரண்டும் தனித்தனியே நடக்கின்றன: கத்தோலிக்க மாணவர் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்கள் அறவியலுக்குப் போவார்கள். உங்கள் மகள் சேரவிருக்கும் கல்லூரியும் இந்த முறையைப் பின்பற்றினால், உங்களை அச்சுறுத்திய அந்த 'கட்டாயம்' என்ற சொல், மறைக்கல்வி வகுப்பிலிருந்து அவளை விலக்கி வைக்கும் ஏற்பாடுதான்.

எல்லா நாடுகளிலும் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். மணிலாவில் இயேசு சபையினர் நடத்தும் அத்தெனேயோ பல்கலைக்கழகத்திலும், ஆஸ்திரேலியாவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலும் மெய்யியலோடு இறையியலும் பொதுப் பாடத்திட்டத்திலேயே சேர்ந்திருக்கிறது. எந்த மதத்தைச் சேர்ந்த மாணவரும் அதைப் பாடமாகப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஆகவே வாய்மொழி உறுதியை நம்பி இருந்துவிடாமல், மூன்று ஆண்டுக்கும் உரிய பாடத்திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

கட்டாய அறவியல் நமக்குப் புதியதும் அன்று. உங்கள் மகள் எஸ்.பி.எம். வரை நன்னெறிக் கல்வி படித்தவள். இங்கேயே ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் அவள் சேர்ந்தாலும் 'பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான்' என்ற அறவியல், நாகரிகப் பாடத்தைப் படித்தே ஆக வேண்டும். கல்லூரி அளவில் வேறுபாடு என்னவென்றால், நற்பண்புகளை வரிசையாக மனப்பாடம் செய்து எழுதுவதோடு பாடம் முடியாது. அரிஸ்டாட்டில் நற்குணம் என்று எதைச் சொன்னார், 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதைக் கிறிஸ்தவச் சிந்தனைக்குள் எப்படிக் கொண்டுவந்தார், கடமையைப் பற்றி ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் சொன்னதற்கும் பெரும்பாலோரின் நன்மையைப் பற்றி ஆங்கிலேய மெய்யியலாளர் மில் சொன்னதற்கும் எங்கே மோதல் வருகிறது என்றெல்லாம் படித்து, ஒரு சிக்கலைக் கையில் கொடுத்தால் தன் முடிவுக்குக் காரணம் சொல்லக் கற்க வேண்டும். அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைப் படிக்கும்போது இப்னு ருஷ்து என்ற முஸ்லிம் அறிஞரின் உரையை அருகில் வைத்துக்கொண்டுதான் படித்தார். வேற்று மதத்தாரின் நூலைப் படித்ததால் அவருடைய சமயம் மாறிவிடவில்லை.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். கத்தோலிக்கச் சமூக அறவியல் பாடத்தில் பெரும்பாலும் இடம்பெறும் ஆவணம், போப்பரசர் 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல். அதன் பொருள் தொழிலாளர் நிலைமை. சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குப் போதாத கூலியை, வேறு வழியில்லாமல் அவரே ஒப்புக்கொண்டிருந்தாலும், அது அநீதிதான் என்று அந்த மடல் வாதிடுகிறது. தொழிலாளர் சங்கம் அமைப்பதை அவர்களுடைய உரிமையாக ஏற்கிறது. டன் கணக்கில் குலை வெட்டிக் கூலி வாங்கும் ஒருவரின் மகள் இதைப் படிக்கப் போகிறாள். வகுப்பில் மற்றவர்கள் ஏட்டில் மட்டும் காணும் ஒன்றை அவள் வீட்டிலிருந்தே அறிந்தவளாக உட்கார்ந்திருப்பாள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தமிழோடு இவர்களுக்கு உள்ள உறவையும் மறந்துவிட வேண்டாம். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், 1730இல் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தவர். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1960களில் தலைமை தாங்கி, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய தனிநாயகம் அடிகள் ஒரு கத்தோலிக்கக் குரு. அவரிடம் படித்த இந்து மாணவர் பலர் தமிழை ஆழ்ந்து கற்று இந்துக்களாகவே வாழ்ந்தவர்கள்.

மதம் மாற்றிவிடுவார்களா

வயதுவந்த ஒருவர் கத்தோலிக்கராவது சட்டென்று நடந்துவிடுவது அன்று. அவர் தாமாக விரும்பிக் கேட்க வேண்டும், வழக்கமாகப் பல மாதங்கள் தயாரிப்பு வகுப்பு உண்டு, பிறகுதான் திருமுழுக்கு. விருப்பத்துக்கு மாறாக ஒருவரை நம்பிக்கைக்குள் வற்புறுத்த யாருக்கும் அனுமதியில்லை என்று திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பே 748ஆம் விதியில் சொல்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காகப் போப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1990இல் வெளியிட்ட விதிமுறையும் ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்கிறது. அதே விதிமுறை, மாணவர் எல்லாரும் நிறுவனத்தின் கத்தோலிக்க அடையாளத்தை மதிக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. ஆகவே வகுப்பறையில் சிலுவை இருக்கும், கூட்டம் தொடங்கும்போது ஜெபம் இருக்கும், விடுதியில் கட்டுப்பாடு இருக்கும். கருக்கலைப்பு, கருணைக்கொலை போன்ற தலைப்புகள் வரும்போது திருச்சபையின் நிலைப்பாட்டுக்குக் கூடுதல் இடம் கிடைக்கலாம். இவற்றை உங்கள் மகள் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

அவள் ஒருநாளும் மாறவே மாட்டாள் என்று நான் உங்களுக்கு உறுதி தர முடியாது. ஊரை விட்டுத் தனியே வாழும் 19 வயதுப் பெண்ணின் மனம் நட்பாலும், படிப்பாலும், காதலாலும் மாறலாம்; அது கத்தோலிக்கக் கல்லூரியிலும் நடக்கலாம், கோலாலம்பூர் தொழிற்சாலை விடுதியிலும் நடக்கலாம். நீங்களே ஆண்டுதோறும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போய் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வந்து, வீட்டில் மாரியம்மனுக்கும் விளக்கு வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நம்பிக்கை அதனால் ஆட்டம் கண்டதா? அதே திடம் உங்கள் மகளுக்கும் இருக்கும் என்று எண்ண இடம் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவில், தன் மதமல்லாத ஒரு மதத்தின் போதனையைப் பெறவோ அதன் வழிபாட்டில் பங்கெடுக்கவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. பெற்றோரோ பாதுகாவலரோ மதத்தைத் தீர்மானிப்பது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும். உங்கள் மகளுக்கு அந்த வயது கடந்துவிட்டது. அவள் எதை நம்புகிறாள், எங்கே படிக்கிறாள் என்பது இப்போது சட்டப்படி அவளுடைய முடிவு. அந்தப் பிரிவைக் காட்டிக் கல்லூரியிடம் நீங்கள் எதையும் எழுதி வாங்க முடியாது.

மேலும் நம் அரசியலமைப்பு இந்தியாவில் செல்லாது. அங்கே அவளுக்குத் துணை இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும், அவருடைய சம்மதம் இல்லாமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் விதி. 'சம்மதம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சேர்க்கைப் படிவத்திலோ விடுதிப் படிவத்திலோ வழிபாடுகளில் கலந்துகொள்வதாக ஒப்புதல் கேட்கும் வரி இருந்தால், கையெழுத்துப் போடும் முன் மகள் அதைப் படித்திருக்க வேண்டும். மறுக்க விரும்பினால் அங்கேயே எழுத்தில் மறுக்க வேண்டும்.

கடப்பிதழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது உங்கள் மகளின் பெயரில் அரசாங்கம் கொடுத்த ஆவணம். இன்னொருவரின் கடப்பிதழை உரிய அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகலாம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு தாயின் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அலமாரி பூட்டியிருக்கும்வரை மகள் உங்களிடம் மனம்விட்டுப் பேசமாட்டாள்.

பணமும் பட்டமும்

இதைத்தான் நீங்கள் ஆறு வரிகளில் முடித்துவிட்டீர்கள். 71,000 வெள்ளியிலிருந்து 45,000 எடுக்கலாம் என்ற கணக்கே தவறு. 55 வயதுக்கு முன் கல்விக்காக எடுக்கும் தொகை, இ.பி.எப்.பின் 'அக்காவுன் செஜாத்தெரா' கணக்கில் உள்ள இருப்பிலிருந்து மட்டுமே வரும். 2024 மே மாதம் மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுவதற்கு முன் இரண்டாம் கணக்கு என்று இருந்தது அது. உங்கள் கணவரின் மொத்தச் சேமிப்பில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். முழுத் தொகையும் கையில் வரும் என்று நம்பிக் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் வட்டிக்கடையை நாடிய குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகளில் இருவர் பட்டம் வாங்காமலே திரும்பினார்கள்.

அதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் இப்போது இருப்பது தோட்ட வீடு. 60 வயதில் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். தோட்டத் தொழிலாளிக்குச் சேமநிதி என்பது ஓய்வூதியம் மட்டும் அன்று; பல குடும்பங்களுக்கு அதுவே அடுத்த கூரைக்கு வழி. எட்டு ஆண்டில் வரப்போகும் அந்த நாளையும், அதற்கு முன்பே மேற்படிப்புக்கு வந்து நிற்கப்போகும் மகனையும் கணக்கில் சேர்க்காமல் ஒரு வெள்ளிகூட எடுக்க வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். தரும் கடன் உள்நாட்டு உயர்கல்விக்கானது. இந்தியப் படிப்புக்கு அதை நம்ப முடியாது. எம்.ஐ.இ.டி. போன்ற சமூக அமைப்புகளின் கல்விக் கடனைப் பற்றியும், வெளிநாட்டு மாணவருக்குக் கல்லூரி தரும் கட்டணச் சலுகையைப் பற்றியும் இப்போதே விசாரியுங்கள்.

அடுத்தது அங்கீகாரம். புகழ்பெற்ற சபையார் நடத்தும் கல்லூரி என்பதால் பட்டம் இங்கே தானாகச் செல்லுபடியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய கல்லூரிகள் பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பட்டத்தை வழங்குவது அந்தப் பல்கலைக்கழகம். ஆகவே கல்லூரியின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பாடப்பிரிவின் சரியான பெயரையும் குறிப்பிட்டு, அந்தப் பட்டத்தின் நிலை என்ன என்று மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.விடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பிற்காலத்தில் அரசாங்க வேலைக்கோ முதுகலைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள்தான் பேசும். எஸ்.டி.பி.எம். சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடமிருந்து சமநிலைச் சான்று வேண்டுமா என்று கல்லூரியிடம் கேளுங்கள். மாணவர் விசாவில் போகிறவர், விசா 180 நாளுக்கு மேற்பட்டதானால், இந்தியா சேர்ந்த 14 நாளுக்குள் அங்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இதே படிப்புக்கு உள்நாட்டு வழியும் திறந்திருக்கிறதே என்பதைக் கடிதத்தில் நீங்கள் எண்ணிப் பார்த்ததாகவே தெரியவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் மானுடக் கல்விக்கென்றே ஒரு புலம் இருக்கிறது. 3.17 புள்ளிக்கு இடம் நிச்சயம் என்று சொல்லமாட்டேன், பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவது மட்டும் பெரும் தவறு. அரசாங்க மானியத்தால் கட்டணம் குறையும், பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்கும். இளங்கலையை இங்கே முடித்துவிட்டு, 22 வயதில் அறவியலில் முதுகலைக்காகக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போவது, இன்றைய உங்கள் நிலையில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படும் வழி. ஆனால் முடிவு அவளுடையது.

'இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்' என்று கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அறவியலுக்கென்று ஒரு தனி வேலை காத்திருக்கவில்லை. ஆசிரியை ஆக வேண்டுமானால் கல்வியியல் தகுதியும், பதிவு பெற்ற ஆலோசகராக வேண்டுமானால் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படியான தகுதியும் தனியே வேண்டும். ஆனால் அந்தப் படிப்புக்குப் பயனே இல்லை என்பதும் சரியன்று. நிறுவனத்துக்காக ஒருவர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்ற ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் முதல் நடப்பில் இருப்பதால், நிறுவனங்களுக்கு நேர்மை விதிகளை வகுத்துக் கண்காணிப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். உங்கள் கணவர் வெட்டும் செம்பனைக்கே இப்போது தொழிலாளர் உரிமையையும் சேர்த்துப் பார்க்கும் சான்றிதழ் முறை இருக்கிறது, எம்.எஸ்.பி.ஓ. சான்று 2020 முதல் கட்டாயம். அதே ஆண்டில் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் இரண்டு மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தடுத்து நிறுத்தியதும், தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளரிடம் பேசி அறிக்கை எழுதுகிறவர்களின் வேலைக்கு மதிப்புக் கூடியது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசும், தோட்டத்து லய வீட்டில் வளர்ந்த, நியாயக் கேள்விகளை முறையாக எழுப்பக் கற்ற ஒரு பெண்ணுக்கு அந்த வேலையில் இடம் உண்டு என்று நான் நம்புகிறேன். எழுதவும் வாதிடவும் நன்றாகக் கற்றுக்கொண்டால் மட்டுமே அந்த இடம் கிடைக்கும் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது

முதல் வேலையாக, கணவரின் இ.பி.எப். அறிக்கையை எடுத்து, செஜாத்தெரா கணக்கின் இருப்பை மகளே படித்துப் பார்க்கட்டும். வீட்டுப் பணநிலை தெரிந்த பிள்ளைகள் பெற்றோர் நினைப்பதைவிடப் பொறுப்பாக முடிவெடுப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கல்லூரிக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவளே எழுதட்டும்: மூன்றாண்டுப் பாடத்திட்டம், வழிபாடு பற்றிய விதி, விடுதிப் படிவம், மொத்தச் செலவு, இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்ற கேள்வி ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். எம்.கியூ.ஏ.வின் எழுத்துப் பதில் வரும்வரை முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். கமிட்டிக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டிய கடமை இல்லை. கட்டணம் கட்டப்போவதும் அவர்கள் அல்லர்.

இத்தனைக்கும் முன்னால் அந்த அலமாரியைத் திறந்து, கடப்பிதழை உங்கள் கையாலேயே அவளிடம் கொடுங்கள். 'எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் எடுத்து வைத்தேன்' என்று சொன்னால் போதும், இ.பி.எப். தாளை அதற்கு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.